அறுபத்து நான்காம் எண் தோட்டம்

என் வீடு நான்காவது மாடியில் இருக்கிறது. பால்கனி கிடையாது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் 'காலைப்பனி' தோட்டச் சங்கம் ஊர்க்காரர்களுக்குக் குத்தகைக்கு விடுகிற அறுபத்து மூன்று தோட்டங்களும் கீழே விரிந்து கிடக்கும். ஒன்பது வருஷமாக அந்த ஜன்னலில் நின்றுதான் காலைக் காப்பி குடிக்கிறேன். யார் எப்போது உருளைக்கிழங்கு தோண்டுகிறார், யார் செடிக்குத் தண்ணீர் விட மறந்து மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பதினேழாம் எண் தோட்டத்தில் ஒரு புளிப்புச் செர்ரி மரம் நிற்கிறது. ஏப்ரலில் அது பூத்தால் அன்றைக்கு நூலகத்துக்குத் தாமதமாகத்தான் போவேன்.

ஒரு தடவை மாடிப்படி ஓரத்தில் நான்கு தக்காளித் தொட்டி வைத்தேன். படிக்கட்டு மனிதர்கள் ஏறி இறங்குவதற்கு மட்டுமே என்று மூன்றாம் நாள் வீட்டு நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்துவிட்டது. அந்த வருஷம்தான் தோட்டத்துக்கு மனுப் போட்டேன். எங்கள் ஊர் லைப்சிக்கில் தோட்டம் கிடைப்பது அவ்வளவு லேசில்லை. மனுப் போட்டால் காத்திருப்போர் பட்டியலில் பெயர் ஏறும். எத்தனையாவது ஆள் என்று மட்டும் சொல்லமாட்டார்கள், தனிநபர் தகவல் பாதுகாப்பாம். என் சொந்த இடத்தை என்னிடம் சொல்வதால் யாருடைய ரகசியம் கெட்டுவிடும் என்று கேட்டுப் பார்த்தேன். சங்கத் தலைவர் நௌமன் யோசித்துவிட்டு, எனக்கு முன்னால் நிற்பவர்களின் எண்ணிக்கை அவர்களுடைய சொந்த விஷயம் என்றார். போன ஆகஸ்டில் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. 'தங்கள் இடத்தைத் தெரிவிக்க இயலாது. எனினும் தங்களுக்கு முன் இருந்த அனைவருக்கும் தோட்டம் கிடைத்துவிட்டது என்பதை மகிழ்ச்சியுடன் அறிவிக்கிறோம்.' அடுத்த தோட்டம் எனக்குத்தான் என்று அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

இந்த நேரம் பார்த்துச் சங்கத்தின் கணினிக்கு முடிவு காலம் வந்தது.

சங்கக் கட்டடத்தில் காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் பத்து வயசான கணினி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதில் ஓடிய இயங்குதளத்துக்கு அக்டோபரோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிடும் என்று அறிவிப்பு வந்திருந்தது. புதிய பதிப்பைப் போட அந்தக் கணினிக்குத் தெம்பு போதாது. நன்றாக ஓடுகிற பெட்டியைக் குப்பையில் போட எங்கள் சாக்ஸனி மாநிலத்துக்காரனுக்கு மனசு வராது. அதனால் யாரும் இலவசமாக எடுத்துக்கொண்டு, உள்ளே திறந்து பார்த்து, வேண்டியபடி மாற்றிக்கொள்ளக்கூடிய திறமூல இயங்குதளம் ஒன்றைப் போடுவது என்று தீர்மானித்தார்கள். எதைப் போடுவது என்பதில்தான் சண்டை. எங்கள் நூலகத்தில் எல்லாக் கணினியிலும் லினக்ஸ்தான், போட்டவள் நான்தான் என்று எவரோ சொல்லியிருக்கிறார்கள். போதாததற்கு எனக்கு அங்கே தோட்டமும் இல்லை. ஆகவே நடுநிலையான நிபுணர் என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

செப்டம்பர் முதல் சனிக்கிழமை கூட்டம். நாற்பது பேர், இரண்டு ஃபிளாஸ்க் காப்பி, ஒரு தட்டு முழுக்கப் பாலாடைக்கட்டிக் கேக். நான் உள்ளே நுழையும்போதே சபை மூன்றாகப் பிரிந்து உட்கார்ந்திருந்தது.

முதல் கட்சிக்குத் தலைமை வீலாண்ட். எழுபத்தாறு வயசு, டிராம் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், பதினேழாம் எண்காரர். ஆமாம், அந்தச் செர்ரி மரம் அவருடையது. மூன்று வருஷம் மக்காத எருவைக் கையால் தொடமாட்டார். லினக்ஸில் பல வகை உண்டு, அதில் அவர் டெபியன் என்றார். இரண்டாவது கட்சி ஓபிட்ஸ் அம்மா. பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கிறார். சனிக்கிழமைச் சந்தையில் பூத்த நாற்றாகப் பார்த்து வாங்கி, ஞாயிற்றுக்கிழமையே தோட்டத்தைக் கல்யாண வீடு மாதிரி ஆக்கிவிடுவார். அவருக்கு மின்ட். மூன்றாவது திலோ. முப்பது தாண்டியவன், தாடிக்காரன், மண்புழுவைக் கூடத் தானே வளர்த்து, மண்ணையும் தானே தயாரித்து, விதையிலிருந்துதான் தொடங்குவேன் என்பவன். அவனுக்கு ஆர்ச்சைத் தவிர வேறெதுவும் இயங்குதளமே இல்லை.

"ரெண்டு வருஷம் சோதிச்சுப் பாத்துட்டுத்தான் வெளிய விடுவாங்க," என்றார் வீலாண்ட். "அவசரமா வந்தது எதுவும் வேர் புடிக்காது."

"எனக்கு ஏதுங்க ரெண்டு வருஷம்?" என்றார் ஓபிட்ஸ் அம்மா. "தொறந்தா பூத்திருக்கணும். கீழ இடது மூலையில பட்டன் இருக்கு, பழைய வீடு மாதிரியே. குடிபோக வேண்டியதுதான்."

அது வாடகை வீடு, நம்முடையதை நாமே ஒவ்வொன்றாக வைத்துக் கட்டினால்தான் வேண்டாதது எதுவும் தானாக முளைக்காது என்றான் திலோ. உன் தோட்டத்தில் வேண்டியதும் முளைத்ததில்லையே என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பாதி சபை சிரித்தது.

என்னிடம் கேட்டார்கள். மூன்றுமே நல்லது, தினமும் யார் உட்காரப் போகிறார்களோ அவர்கள் கைக்கு எது படிகிறதோ அதைப் போடுங்கள் என்றேன். தினமும் யாரும் உட்காரப் போவதில்லை என்றார் நௌமன். மாதத்தின் முதல் வியாழக்கிழமை அவர் திறப்பார். வேலி உயரமாக இருக்கிறது என்று இரண்டு கடிதம் அடிப்பார். காத்திருப்போர் பட்டியலைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார். அவ்வளவுதான் அந்தக் கணினியின் வாழ்க்கை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த இடத்தில் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். நௌமனுக்கு மின்ட் போதும் என்று சொல்லிவிட்டு, கேக்கில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் தோட்டம் கைக்கு வருகிற நேரத்தில் வீலாண்டையும் திலோவையும் பகைத்துக்கொள்ள எனக்குப் பயம். எல்லோருக்கும் நல்ல பிள்ளையாக இருக்கப் பார்த்தேன். ஒரே கணினியில் மூன்றையும் போடலாம், ஒரு வருஷம் பழகிப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யலாம் என்று வழவழவென்று சொல்லிவைத்தேன். எப்படி என்று கேட்டார்கள். கரும்பலகையில், கணினி எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் வட்டுக்கு அடையாளமாக ஒரு நீளக் கட்டம் போட்டேன். அதை நான்காகப் பிரித்தேன். பழைய அமைப்புக்கு ஒன்று, புதியவற்றுக்கு மூன்று. இடையில் கொஞ்சம் இடம் விட்டு வைப்பது நல்லது என்று பாதை மாதிரிக் கோடும் இழுத்தேன்.

நாற்பது பேரும் கரும்பலகையைப் பார்த்தார்கள். அவர்கள் முகத்தில் ஒரு கனிவு வந்ததை அப்போதே கவனித்தேன். காரணம்தான் புரியவில்லை. நௌமன் எழுந்து போய் அலமாரியிலிருந்து சங்கத்தின் மனை வரைபடப் புத்தகத்தை எடுத்து வந்தார். புதுப் பக்கம் புரட்டினார். என் கட்டத்தை அளவுகோல் வைத்து அப்படியே வரைந்தார். அறுபத்து நான்கு, அறுபத்தைந்து, அறுபத்தாறு, அறுபத்தேழு என்று எண் போட்டார்.

"சங்கத்தோட எடத்துக்குள்ள எது பிரிச்சு எல்லை போட்டிருக்கோ அது தோட்டம்," என்றார். "விதி ரெண்டு, பிரிவு ஒண்ணு."

நாற்பது கையும் உயர்ந்தன. அந்தச் சங்கத்தில் எனக்குத் தெரிந்து ஏகமனதாக நிறைவேறிய ஒரே தீர்மானம் அதுதான்.

அறுபத்தைந்து வீலாண்டுக்கு, அறுபத்தாறு ஓபிட்ஸ் அம்மாவுக்கு, அறுபத்தேழு திலோவுக்கு என்று குத்தகைப் பத்திரம் எழுதினார்கள். அதன் பிறகு நடந்ததற்கெல்லாம் என் சாக்குக்கட்டிதான் பொறுப்பு.

எங்கள் தோட்டங்களில் மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை சத்தம் கூடாது. கணினியின் விசிறி சத்தம் போடுகிறது என்று அறுபத்தைந்திலிருந்து அறுபத்தேழின் மேல் புகார் வந்தது. அதனால் ஒரு மணி அடித்ததும் நௌமன் வந்து கணினியை அணைத்துவிடுவார். திலோ எல்லாவற்றையும் கையால் தட்டித் தட்டி நிறுவுகிறவன். காலை முழுக்கத் தட்டி முக்கால்வாசி வந்திருக்கும், மணி ஒன்றாகிவிடும். மூன்று மணிக்கு முதலிலிருந்து தொடங்குவான். இரண்டு சனிக்கிழமை இப்படியே போயிற்று, மூன்றாவதில் விடியும் முன்னே வந்து முடித்தான். அவன் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை, மண் பழக வேண்டாமா என்றான்.

அடுத்தது மூன்றில் ஒரு பங்கு விதி. எந்தத் தோட்டமானாலும் மூன்றில் ஒரு பங்கு நிலத்தில் காயோ கனியோ விளைய வேண்டும். வெறும் பூவும் புல்லும் வைத்து உல்லாசமாக இருக்க இங்கே இடமில்லை. அக்டோபர் தொடக்கத்தில் ஆய்வுக் குழு மடக்கு அளவுகோலோடு கணினி முன்னால் வந்து நின்றது. ஓபிட்ஸ் அம்மா உருளைக்கிழங்கு சாலட் செய்முறை நானூறு சேர்த்து வைத்திருந்தார். சமைத்ததா விளைந்ததா என்று அரை மணி நேரம் விவாதம் நடந்து, கடைசியில் விளைந்ததாக ஏற்றுக்கொண்டார்கள். வீலாண்ட் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழிலிருந்து தான் விதைத்த ஒவ்வொரு விதைக்கும் தேதி, மழையளவு, முளைத்த நாள் போட்ட குறிப்பேட்டை ஏற்றியிருந்தார். அது விதைதான், செடி இல்லை என்று ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். திலோ தானே ஒரு நிரல் எழுதியிருந்தான். அதில் கேரட் வளரும். தினம் ஒரு விசையைத் தட்டித் தண்ணீர் ஊற்ற வேண்டும், தவறினால் வாடிவிடும். குழுவில் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, நெருக்கமாகப் போட்டிருக்கிறாய், கொஞ்சம் பிடுங்கி இடம் விடு என்றார்.

இதிலெல்லாம் நான் சிரித்துக்கொண்டிருக்கவில்லை. என் கவலை அறுபத்து நான்கில் இருந்தது.

பழைய இயங்குதளம் இருந்த பிரிவு அது. காத்திருப்போர் பட்டியலும் அதற்குள்தான் இருந்தது, வேறெங்கும் இல்லை. காகிதப் பிரதியை ஏழு வருஷம் முன்னால் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதே நார் நாராகக் கிழித்து, வீணாகக் கூடாதென்று ஓபிட்ஸ் அம்மாவின் ஸ்ட்ராபெரிப் பாத்திக்கு மூடாக்காகப் போட்டிருந்தார்கள். எப்படியும் அக்டோபரில் பழைய அமைப்பைக் காலி செய்தாக வேண்டும். அதை அவர்கள் சும்மா அழிக்கவில்லை. குத்தகையை ரத்து செய்து அறிவிப்பு எழுதி, நான்கு வாரம் அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைத்தார்கள். பழைய அமைப்பிடமிருந்து ஆட்சேபம் எதுவும் வரவில்லை என்று பதிவேட்டில் எழுதினார்கள்.

நான் நௌமனைத் தேடிப் போனேன். முதலில் அந்தப் பட்டியலை ஒரு நகல் எடுத்து வெளியே வையுங்கள் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் உண்மையான வருத்தம் இருந்தது.

"லிண்ட்னர் அம்மா, அந்தப் பட்டியல்ல நீங்க இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அத நான் சொல்ல முடியாது. ஆனா அதுல இருக்கக்கூடிய ஒருத்தங்க அதப் பத்தி யோசனை சொல்றது நல்லா இருக்காது பாருங்க."

"நான் நிபுணர்னு நீங்கதானே கூப்பிட்டீங்க, தலைவரே?"

"தோட்டத்துக்கு நிபுணர். பட்டியலுக்கு நீங்க சம்பந்தப்பட்டவங்க. சம்பந்தப்பட்டவங்களா இருந்தா."

என் யோசனை திரும்பப் பெறப்பட்டதாகப் பதிவேட்டில் எழுதினார். நான் திரும்பப் பெறவே இல்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். ஒன்பது வருஷத்தைக் கையில் வைத்திருக்கிறவரோடு சண்டை போட எனக்குத் துணிச்சல் வரவில்லை. வீட்டுக்கு வந்து ஜன்னலில் நின்று அவரைத் திட்டினேன்.

அக்டோபர் நடுவில் ஒரு சனிக்கிழமை காலி செய்யும் நாள். வெளியேறுகிற குத்தகைக்காரரின் மரங்களையும் கொட்டகையையும் மதிப்பிட ஒருவர் வருவார், அதுதான் வழக்கம். அன்றைக்கும் வந்தார். கணினிப் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். பலன் தரும் மரம் இல்லை, கொட்டகை பழுது, மதிப்பு ஏதுமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் காப்பி குடித்தார். பிறகு நௌமன் விதியைப் படித்தார். வெளியேறுபவர் தம் பொருள் எதையும் விட்டுச் செல்லலாகாது. தோட்டத்தைத் துடைப்பத்தால் பெருக்கிய நிலையில் ஒப்படைக்க வேண்டும். திலோவுக்குக் கண் காட்டினார். திலோ பொறுப்பானவன், ஒரு தடவை அழித்தால் மண்ணில் வேர் மிஞ்சும் என்று மூன்று தடவை அழித்தான். அழித்து முடித்ததும் நௌமன் துடைப்பத்தை எடுத்துக் கணினி மேசையைச் சுற்றித் தரையைப் பெருக்கினார். எல்லோரும் கை தட்டினார்கள்.

பெருக்கி முடித்த நௌமன் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, அடுத்த அலுவல் காத்திருப்போர் பட்டியல் என்றார். திலோவைப் பார்த்தார். திலோ வீலாண்டைப் பார்த்தான். வீலாண்ட் தன் காப்பிக் கோப்பைக்குள் பார்த்தார்.

"நகல் எடுத்தீங்களா, தலைவரே?" என்று நான் கேட்டேன்.

"எடுத்தேன்," என்றார் நௌமன். "அதே தோட்டத்துலதான் வச்சேன். கொட்டகைக்குள்ள."

என் வாழ்க்கையில் யாரையும் நான் அடித்ததில்லை. அன்றைக்கும் அடிக்கவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, ஒன்பது வருஷம் ஐயா, ஒன்பது வருஷம் என்று மட்டும் சொன்னேன். அழுகை வந்தது. நாற்பது பேர் முன்னால் அழுதேன், வெட்கமாக இல்லை. ஓபிட்ஸ் அம்மா எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். நௌமன் நல்ல மனிதர்தான், முகம் வெளுத்துவிட்டது. பட்டியல் இல்லாத நிலையில் எல்லோரும் புதிதாக மனுப் போட வேண்டும், இன்றைய தேதி போட்டு, அவ்வளவுதான் வழி என்றார். என் பெயர் ஞாபகம் இல்லையா என்று கேட்டேன். ஞாபகத்தில் இருப்பதை வெளியே சொன்னாலும் தகவல் மீறல்தான் என்றார்.

அப்போது ஓபிட்ஸ் அம்மா விதிப் புத்தகத்தைப் புரட்டினார். என் மேல் வைத்த கையை எடுக்காமலே புரட்டினார். காலியான தோட்டத்தை நான்கு வாரத்துக்குள் பட்டியலின் முதல் ஆளுக்குக் கொடுத்தாக வேண்டும் என்று ஒரு பிரிவு இருந்தது.

"பேரச் சொல்ல வேணாம்," என்றார் நௌமனிடம். "மொத ஆளு யாருன்னு மனசுல இருக்குல்ல? பத்திரத்த எழுதி அவங்க கையில குடுங்க. வாயத் தொறக்காதீங்க."

நௌமன் உட்கார்ந்து எழுதினார். முத்திரை குத்தினார். எழுந்து, நாற்பது பேரையும் தாண்டி வந்து, ஒன்றும் சொல்லாமல் பத்திரத்தை என் கையில் கொடுத்தார். சாவி போட்ட உறை ஒன்றையும் கொடுத்தார். என் பெயரைப் பத்திரத்தில் பார்த்தேன். 'குத்தகைதாரர், மாரென் லிண்ட்னர்.' அந்த ஒரு நிமிஷம் நான் இருந்த சந்தோஷத்தை எனக்கு எழுதத் தெரியாது. எங்கே பீன்ஸ், எங்கே ராஸ்பெரி என்று கால் நடக்கத் தொடங்கிவிட்டது.

அப்புறம்தான் எண்ணைப் பார்த்தேன். அறுபத்து நான்கு.

உறையைப் பிரித்தேன். சாவி இல்லை. ஒரு சீட்டில் கடவுச்சொல் எழுதியிருந்தது.

மறுத்துவிடலாம். ஆனால் கொடுத்த தோட்டத்தை மறுப்பவர் பட்டியலின் கடைசிக்குப் போவார், பட்டியலோ அன்று மதியம் புதிதாகத் தொடங்குகிறது, என் ஒன்பது வருஷம் கணக்கிலேயே வராது. என்ன செய்வது என்று ஓபிட்ஸ் அம்மாவைப் பார்த்தேன். கையெழுத்துப் போடு பெண்ணே, உள்ளே வந்துவிடு, மற்றதை உள்ளே வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று காதில் சொன்னார். போட்டேன். நாற்பது பேரும் வரிசையில் வந்து கை குலுக்கி வாழ்த்தினார்கள். நல்ல தோட்டம், கிழக்குப் பார்த்தது என்றார் ஒருவர். எனக்கு அவரைக் கடிக்கலாம் போல இருந்தது.

இப்படியாக ஒன்பது வருஷக் காத்திருப்புக்குப் பிறகு எனக்கு ஐம்பத்தெட்டு கிகாபைட் நிலம் கிடைத்தது. ஆறு வாரத்துக்குள் பயிரிட வேண்டும், இல்லாவிட்டால் பிடுங்கிவிடுவார்கள். எந்த இயங்குதளம் போடுவது என்று ஊருக்கெல்லாம் யோசனை சொன்னவளுக்கு, தனக்கென்று வந்தபோது எதையும் போடத் தோன்றவில்லை. கோபம்தான் இருந்தது. கடைசி வாரம் போய் உட்கார்ந்து மின்டைப் போட்டேன். நிறுவி முடிக்க ஒரு காப்பி குடிக்கிற நேரம்தான் ஆனது. பிறகு ஒரே ஒரு கோப்பைத் திறந்தேன். ஒன்பது வருஷமாக என் தோட்டத்தைக் கட்டம் போட்ட நோட்டில் வரைந்து வைத்திருந்தேன். வேலியோரம் ராஸ்பெரி, நடுவில் மூன்று பாத்தி, முதல் பாத்தியில் உருளை, இரண்டாவதில் பீன்ஸ், பிறகு வருஷா வருஷம் மாற்றி நடுவது, மூலையில் ஒரு புளிப்புச் செர்ரி, அதன் கீழே ஒரு நாற்காலி. எல்லாவற்றையும் வரிசையாகத் தட்டினேன். சேமித்தேன். வந்துவிட்டேன்.

குளிர்காலம் முழுக்க மற்ற மூன்று பேரும் கணினிக்கு முன்னால்தான் கிடந்தார்கள். அச்சு இயந்திரம் அறுபத்தாறிலிருந்து மட்டும்தான் வேலை செய்தது. அதில் யாருடைய அமைப்பின் மேலும் குற்றம் இல்லை. ஓபிட்ஸ் அம்மா முதல் நாளே அதை இணைத்துவிட்டார். வீலாண்ட் சோதனை வருஷத்தில் அவசரம் கூடாது என்று தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். திலோ அச்சு இயந்திரம் எப்படி யோசிக்கிறது என்று முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தான். ஆகவே ஏதாவது அச்சடிக்க வேண்டுமானால் எல்லோரும் ஓபிட்ஸ் அம்மாவின் தோட்டத்துக்குள் கால் வைத்தாக வேண்டும். அவர் நடைபாதை உரிமை கோரிக் கடிதம் எழுதச் சொன்னார். அந்தக் கடிதத்தையும் அவரிடம்தான் அச்சடிக்க வேண்டியிருந்தது.

மார்ச்சில் ஆய்வுக் குழு என் தோட்டத்துக்கு வந்தது. குழுவில் இந்தத் தடவை வீலாண்டும் இருந்தார். கோப்பைத் திறந்து மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். மெதுவாகப் படித்தார். செர்ரி மரத்துக்கு வந்ததும் நிறுத்தினார்.

"நாற்காலி எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

மேற்கு என்றேன். பிற்பகல் வெயில் நான்கு மணி வரை முகத்தில் அடிக்கும், அப்புறம் பக்கத்துக் கொட்டகை மறைத்துவிடும், அங்கேதான் நிழல் சரியாக இருக்கும். இதெல்லாம் அவருடைய மரத்தடியை நான்காவது மாடியிலிருந்து பார்த்து எனக்குத் தெரியும். அவர் கண்ணாடியைக் கழற்றினார். நாற்பது வருஷமாக நாற்காலியைத் தவறான பக்கத்தில் போட்டிருக்கிறேன் போலிருக்கிறது என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

பிறகு என்னை வெளியே கூப்பிட்டுப் பேசினார். முழங்கால் முடியவில்லை. போன செப்டம்பருக்குப் பிறகு பதினேழுக்கு அவர் போகவே இல்லை. சங்கக் கட்டடத்தில் ஹீட்டர் இருக்கிறது, காப்பி இருக்கிறது, பேச்சுக்கு ஆள் இருக்கிறது. எண்பத்தேழிலிருந்து எழுதிய குறிப்பேடு அறுபத்தைந்தில் நிரம்பி வழிகிறது. பக்கத்தில் இடம் கிடைத்தால் நன்றாக இருக்கும்.

"மாத்திக்கலாமாம்மா?" என்றார். "பதினேழ நீங்க எடுத்துக்கோங்க. உங்க அறுபத்து நாலு எனக்கு. ஜூலையில ஒரு வாளி செர்ரி மட்டும் குடுத்துடுங்க."

பேசினால் தூக்கம் கலைந்துவிடும் என்று பயமாக இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

உறுப்பினர்களுக்குள் தோட்டம் மாற்றிக்கொள்ள விதி இடம் தருகிறது. நான் அப்போது உறுப்பினர். ஒரு பக்கம் முந்நூறு சதுர மீட்டர், மறு பக்கம் ஐம்பத்தெட்டு கிகாபைட், இதை எப்படி மாற்ற முடியும் என்று நௌமன் மூன்று வாரம் விதிப் புத்தகத்தில் தேடினார். தடை எதுவும் அகப்படவில்லை. தோட்டத்தின் எண் நான்கு இலக்கத்தைத் தாண்டக் கூடாது என்று மட்டும்தான் இருந்தது. ஏப்ரல் கடைசியில், மரம் பூத்து முடிகிற வாரம், கையெழுத்தானது. இந்தத் தடவை உறையில் நிஜச் சாவி இருந்தது. பொதுக்குழு அதே நாளில் அலுவலகக் கடிதங்களுக்கு அறுபத்தாறே போதும் என்று இருபத்தெட்டுக்குப் பன்னிரண்டு என்ற கணக்கில் தீர்மானித்தது. மற்ற தோட்டங்கள் குத்தகைக் காலம் முடியும்வரை இருக்கலாம். திலோவின் கேரட் அறுவடைக்கு வந்துவிட்டதாகக் கேள்வி.

ஜூனில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. சங்கத்தின் புதிய அமைப்பில் அச்சான முதல் அலுவல் கடிதம் அது என்று பின்னால் ஓபிட்ஸ் அம்மா சொன்னார். பதினேழாம் எண்ணின் வடக்குச் செடிவேலி ஒரு மீட்டர் முப்பத்தொரு சென்டிமீட்டர் உயரம் இருக்கிறது, அனுமதி ஒன்று இருபத்தைந்துதான், பதினான்கு நாளுக்குள் வெட்டாவிட்டால் நடவடிக்கை என்று எழுதியிருந்தது. நௌமனின் கையெழுத்து. இந்த மாதிரிக் கடிதத்தை வாங்கிக்கொண்டு எத்தனை பேர் கீழே நின்று பல்லைக் கடித்திருக்கிறார்கள் என்று ஜன்னலில் இருந்து பார்த்திருக்கிறேன். நான் முதல் வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். 'மாரென் லிண்ட்னர், எண் 17.' ஒன்பது வருஷத்தில் என் இடத்தை ஒளிக்காமல் என் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதிய முதல் கடிதம்.

கத்தரியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். வேலி முன்னால் போய் நின்றபோது சங்கக் கட்டடத்து மணி ஒன்று அடித்தது. மூன்று வரை சத்தம் கூடாது. நாற்காலியை மேற்குப் பக்கம் இழுத்துப் போட்டு, காய் பச்சையாகத் தொங்கிய மரத்தின் கீழே மூன்று மணி ஆகும் வரை உட்கார்ந்திருந்தேன்.